மூணு நூறு

ஜூலை 14, 2025, திங்கள்

காலை உப்புமா வாசம் அடங்குவதற்குள் ஒரு பெண் பிள்ளை வந்து வகுப்பு வாசலில் நின்றாள். மூன்றாம் வகுப்பு. பொங்கலுக்கு முன் பார்த்த முகம். அப்பாவும் அம்மாவும் கீழ்நாட்டில் செங்கல் சூளைக்குப் போனபோது இவளும் கூடப் போய்விட்டாள். மழை பிடித்தால்தான் சூளை மூடும், மூடினால்தான் கொல்லிமலைக்குத் திரும்ப ஏறுவார்கள். போகும்போது இரண்டாம் வகுப்பு. வரும்போது, கேட்காமலேயே மூன்று.

வாசிக்கச் சொன்னேன். 'படம்', 'மரம்', 'காகம்' வந்தது. 'கொடி'யில் நின்றுவிட்டாள். புளியங்கொட்டை இருபதைக் கொடுத்து எண்ணச் சொன்னேன். "ஏக, துயி, தினி, சாரி" என்று ஆரம்பித்தாள். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். சூளையில் அடுத்த குடிசை ஒடிசாக்காரர்களுடையதாம். அந்த வீட்டுப் பிள்ளையோடு விளையாடிக் கற்றது. பத்து வரைக்கும் ஒடியாவில் போய், பதினொன்றில் தமிழுக்குத் திரும்பினாள். தப்பு ஒன்றும் இல்லை, இருபதும் சரி.

அரும்பா, மொட்டா, மலரா? 'எண்ணும் எழுத்தும்' பயிற்சி நூலில் மூன்று நிலை இருக்கிறது. எழுத்தில் அரும்பு என்று குறித்தேன். எண்ணில் மொட்டு என்று போடக் கை போனது, நிறுத்தினேன். ஒரு வாரம் பார்ப்போம்.

ஜூலை 15, செவ்வாய்

காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். பேச்சுப் போட்டி. மூன்று பிள்ளைகள் ஒரே கட்டுரையை மனப்பாடம் செய்து வந்திருந்தார்கள், மூச்சு விடும் இடம்கூட ஒன்றுதான். மூவருக்கும் பென்சில் பெட்டி கொடுத்தோம்.

மதியம் தலைமையாசிரியர் சாக்பீஸால் தரையில் கணக்குப் போட்டுக் காட்டினார். கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். நாங்கள் இரண்டு பேர். வகுப்பு ஐந்து. வகுப்புக்கு மூன்று நிலை என்றால் பதினைந்து. "ஆளுக்கு ஏழரை, டீச்சர்" என்றார். ஏழரை என்ற சொல்லில் அவருக்கு ஒரு ருசி. சனி பகவானை இழுக்காமல் அவருக்கு எந்தக் கணக்கும் முடியாது.

ஜூலை 17, வியாழன். ஆடி 1

தேங்காய் சுட்ட வாசத்தோடு பிள்ளைகள் வந்தார்கள். மழை. பழைய பொருள் அறையை ஒழித்ததில் மூட்டையாகக் கட்டிய அட்டைகள் கிடைத்தன. செயல்வழிக் கற்றல் அட்டைகள்! பாதி செல்லரித்திருந்தாலும் ஏணிப் படம் ஒன்று முழுதாக இருந்தது. சுவரில் சாத்தி வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 2006. அடுத்த வருடமே இது வந்தது. ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்து ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காகச் செய்த முறை அது. 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் அங்கிருந்து மாநகராட்சிப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். பிறகு அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்துக்கு வந்தபோது 2007-08இல் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நான்காம் வகுப்பு வரை பெஞ்சுகள் வெளியே போய்ப் பாய்கள் உள்ளே வந்தன. பிள்ளை உயரத்துக்குச் சுவரில் கரும்பலகை. தலைக்கு மேல் கம்பி கட்டி அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடுவோம். பாடத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு அட்டை, அட்டைக்கு ஒரு படமும் எண்ணும். எல்லாம் வரிசையாக ஏணியில். பிள்ளையே வந்து தன் படியைப் பார்த்து, தட்டிலிருந்து அட்டையை எடுத்து, அதில் குறித்திருக்கும் குழுவில் போய் உட்காரும். ஆறு குழு: ஆசிரியர் முழு உதவி, ஆசிரியர் பகுதி உதவி, சக மாணவர் முழு உதவி, சக மாணவர் பகுதி உதவி, தானே செய்வது, மதிப்பீடு.

அதில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். பத்து நாள் வராத பிள்ளை பதினோராம் நாள் வந்தால், விட்ட படியிலிருந்து ஏறும். வகுப்பு அதை விட்டுவிட்டு ஓடியிருக்காது, ஏனென்றால் வகுப்பு என்ற ஒன்று ஓடவே இல்லை. மிளகு பறிப்புக்கும் காப்பி பறிப்புக்கும் சூளைக்கும் போர்வெல் ரிக் வண்டிக்கும் வீடே பெயர்ந்து போகிற இந்த மலைக்கென்றே யாரோ யோசித்த மாதிரி இருந்தது. கொலம்பியாவில் 1970களிலேயே காப்பி விளையும் மலைக் கிராமங்களில் 'எஸ்குவேலா நுவேவா' என்று இதே போன்ற ஒன்று நடந்ததாகப் பிறகு படித்தேன். அங்கேயும் ஒரு ஆசிரியருக்குப் பல வகுப்பு, அறுவடைக்குப் போய்த் திரும்பும் பிள்ளைகள். காப்பி எங்கே விளைந்தாலும் பள்ளிக்கூடத்துக்கு ஒரே தலைவலி போலிருக்கிறது.

பிறகு என்ன ஆயிற்று? அட்டை கிழிந்தது, புது அட்டை வரவில்லை என்பார்கள். அது பாதி. மீதியை இங்கே எழுதிக்கொள்கிறேன், வேறெங்கும் எழுத மாட்டேன். பார்வையிட ஆள் வருகிறார் என்றால் முதல் நாளே பிள்ளைகளை நாலு படி ஏற்றி, அடைவுப் பட்டியலில் டிக் அடித்தேன். ஒரு தடவை இல்லை. ஏணி சரியாகத்தான் இருந்தது.

ஜூலை 19, சனி

சோளக்காடு சந்தைக்குப் போனேன். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்களுக்கு முதலில் தட்டுப்படுவது இந்தச் சந்தைதான். பலாப்பழ வாசம் பேருந்தின் கண்ணாடிக்குள்ளேயே வந்துவிடும். அன்னாசி, மலைவாழை, மிளகு, கொஞ்சம் சாமை. சாமையைப் பார்த்து ஒரு பாட்டி, "இதை இப்ப யாரு விதைக்கறா, எல்லாம் குச்சிக்கிழங்குதான்" என்றாள். சேகோ ஆலைக்குக் கிழங்கு போனதிலிருந்து தினையும் சாமையும் மேட்டிலேயே ஒதுங்கிவிட்டன. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் பல வருடம் இங்கே அந்த விதைகளைத் தேடிச் சேர்த்தார்கள்.

அன்னாசிக் குவியலுக்குப் பின்னால் என் ஐந்தாம் வகுப்புப் பையன். ஆயாவுக்குத் துணை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். பிறகு வியாபாரம் வந்துவிட, என்னை மறந்துவிட்டான்.

"மூணு நூறு, மூணு நூறு!"

காரில் வந்தவர் ஏழு எடுத்தார். பையன் கண் இமைக்கவில்லை. "எரநூத்தி முப்பத்தஞ்சுங்க." அவர் ஐந்நூறு கொடுத்தார். "எரநூத்தி அறுபத்தஞ்சு" என்று எண்ணி நீட்டினான். அவர் போனதும் கேட்டேன், ஏழுக்கு எப்படி இருநூற்று முப்பத்தைந்து?

"ஆறு எரநூறு டீச்சர். ஒத்தைப் பழம் முப்பத்தஞ்சு."

"நூறை மூணால வகுத்தா முப்பத்தி மூணு சொச்சம்தானே?"

"சொச்சத்துக்குச் சில்லறை யாரு தேடறது?"

இந்தப் பையன் என் குறிப்பேட்டில் கணக்குக்கு அரும்பு. ஜூன் மாதத்திலிருந்து அரும்பு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதுவே மனசில்.

இரண்டு அன்னாசி வாங்கினேன். எழுபது வாங்கிக்கொண்டான். டீச்சருக்கென்று குறைக்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

இன்று அந்த அன்னாசிப் பையனைச் சோதித்துப் பார்த்தேன். "ஒரு அன்னாசியின் விலை ரூ.35. 12 அன்னாசிகளின் விலை என்ன?" பலகையில் எழுதிப் போட்டேன்.

அவன் போட்டது 47.

பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கிட்ட ஒருத்தர் பன்னெண்டு பழம் வாங்கறார்" என்றேன். "நானூறு" என்றான், நோட்டைப் பார்க்காமலே.

"நானூத்தி இருபதுடா. முப்பத்தஞ்சைப் பன்னெண்டால பெருக்கிப் பாரு."

"பன்னெண்டு எடுக்கறவருக்கு யாரு டீச்சர் முப்பத்தஞ்சு சொல்லுவா?"

சரி, சோதனையை மறுபக்கம் திருப்பினேன். வகுப்பில் எல்லாக் கணக்கும் முதலில் முடிக்கிற பெண்ணிடம் காகித ரூபாயைக் கொடுத்துக் கடை வைக்கச் சொன்னேன். மூணு நூறு, ஏழு பழம், ஐந்நூறு ரூபாய் நோட்டு. நூறை மூன்றால் வகுக்க ஆரம்பித்தாள். மூன்று மூன்றாக வந்துகொண்டே இருந்தது. புள்ளிக்கப்புறம் முடியவே இல்லை என்று கண் கலங்கிவிட்டது. வாங்க வந்தவன் போய்விட்டான்.

இந்த பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு நினைவுக்கு வந்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி குழுவினர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்தார்கள். கடையில் சிக்கலான பேரத்தை மனக்கணக்காகவே முடிக்கிற பிள்ளைகள் தாளில் வைத்த எளிய கணக்கில் தடுமாறினார்கள். கடை தெரியாத பள்ளிப் பிள்ளைகள் தாளில் தேறி, சந்தைக் கணக்கில் தோற்றார்கள். பிரேசிலில் ரெசிஃபே நகரத்துத் தெருப் பிள்ளைகளிடம் 1980களிலேயே இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். படித்தபோது டெல்லி, கொல்கத்தா, பிரேசில் என்று நினைத்துக்கொண்டு தாளை மடித்து வைத்தேன். என் வகுப்பில் மூன்றாவது பாயில் உட்கார்ந்திருந்தான் அவன்.

ஜூலை 24, வியாழன்

ஒரு கூட்டம். செயற்கை நுண்ணறிவு வந்தபின் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பாடம் என்று ஒருவர் திரையில் காட்டினார். பிள்ளை தப்பாகப் போட்டால் செயலி கீழ்ப்படிக்குக் கொண்டுபோகும், சரியாகப் போட்டால் மேலே ஏற்றும். பின்வரிசையில் யாரோ, "நம்ம ஏணிதான், கரண்ட்டுல ஓடுது" என்றார்கள்.

கேலி செய்ய நான் தயாரில்லை. டெல்லியில் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருளை வைத்து முரளிதரன், சிங், கனிமியன் மூவரும் செய்த ஆய்வு 2019இல் வந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். பாடப்புத்தகம் ஆறாம் வகுப்பைப் பேசுகிறது, பிள்ளை மூன்றரையில் நிற்கிறது. மென்பொருள் மூன்றரைக்கு இறங்கிவந்து பேசியது, நாலரை மாதத்தில் நன்றாகவே முன்னேறினார்கள். இறங்கி வந்ததுதான் வேலை செய்திருக்கிறது. பெஞ்சமின் புளூம் 1984இலேயே, ஒருவருக்கு ஒருவர் சொல்லிக் கொடுத்தால் நடுத்தரப் பிள்ளை வகுப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேரைத் தாண்டிவிடும் என்று எழுதினார். அவ்வளவு பெரிய பலன் பிறகு வந்த ஆய்வுகளில் தெரியவில்லை. ஆனாலும் திசை அதுதான்.

ஆனால் அன்னாசிப் பையனின் 47? அந்தச் செயலி அவனைக் கூட்டலுக்கு அனுப்புமா, பெருக்கலுக்கு அனுப்புமா? அவனுக்குக் கூட்டலும் தெரியும், தன் வழியில் பெருக்கலும் தெரியும். தெரியாதது அந்தக் கேள்வியின் பாஷை. திரையில் காட்டியவரிடம் கேட்டேன். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

ஜூலை 25, வெள்ளி

டவர் இல்லை. மதிப்பீட்டுச் செயலி சுற்றிக்கொண்டே இருந்தது. தலைமையாசிரியர் மொட்டைமாடியில் ஏறிக் கையை உயர்த்தி நின்றார். ஒன்பது பிள்ளைகளின் மதிப்பெண் ஏறியது.

ஜூலை 29, செவ்வாய்

சூளையிலிருந்து வந்த பெண்ணுக்கு இன்று ஒகர உயிர்மெய் பிடிபட்டது. நான் சொல்லித் தரவில்லை. அந்தக் கண்கலங்கிய பெண்ணிடம் விட்டிருந்தேன். 'கொடி', 'கொய்யா', 'பொம்மை' என்று மண்ணில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள். பதிலுக்கு இவள் அவளுக்கு ஒடியா எண்கள். இப்போது ஐந்தாம் வகுப்பே 'பாஞ்ச, ச்ச, சாத' என்று திரிகிறது. சிரிப்பு போய்விட்டது, ரகசிய பாஷை ஆகிவிட்டது.

மணலில் எழுதிப் பிள்ளைக்குப் பிள்ளை கற்றுத் தருவது நம் திண்ணைப் பள்ளியின் பழைய வழி. சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான். எழும்பூர் ஆண் அனாதை விடுதியின் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் விடுதியில் வைத்துக்கொண்டார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. அங்கே அது, ஒரு ஆசிரியரை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மலிவாக மேய்க்கும் ஏற்பாடாகிவிட்டது. அதுதான் எனக்குப் பயம். சக மாணவர் உதவி என்று நான் இன்றைக்கு மகிழ்ந்து எழுதினால், அதைக் காட்டியே மூன்றாவது ஆசிரியர் எதற்கு என்று நாளைக்கு யாராவது கேட்கலாம்.

அவளை எண்ணில் மொட்டு என்று குறித்தேன். கொடிக்குப் பிறகு எழுத்திலும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடி 18

செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. கூட்டம் தாங்கவில்லை. குதிரை மேல் இருக்கும் ஓரி சிலைக்கு மாலை. அறப்பளீசுவரர் கோயில் பக்கம் ஆற்றில் குளிக்கப் போகிறவர்கள் வண்டி வண்டியாக. வில்வித்தைப் போட்டியை ஓரமாக நின்று பார்த்தேன். போட்டியாளர்கள் ஒவ்வொருவரின் வில்லும் அவரவர் கைக்கும் தோளுக்கும் தக்கபடி இருந்தது. என் பக்கத்தில் நின்ற தாத்தா, "அடுத்தவன் வில்லுல எய்தா அம்பு அவன் வீட்டுக்குத்தான் போவும்" என்றார். ஒரு நாளைக்கு ஒரு நல்ல வாக்கியம் போதும்.

வளப்பூர் நாட்டிலிருந்து வந்த பழைய மாணவன் ஒருவன் வணக்கம் சொன்னான். ஏணிக் காலத்துப் பிள்ளை. இப்போது திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை, மத்தியப் பிரதேசம் வரை போய்வந்திருக்கிறான். இந்தி பேசுகிறான். இத்தனை அடிக்கு இத்தனை பைப், இத்தனை மணி நேரம், இத்தனை டீசல் என்று கையிலேயே கணக்குப் போட்டுக் காட்டினான். எட்டாம் வகுப்போடு நின்றவன். "நீங்க டிக் அடிச்சி ஏத்தி விட்டீங்க டீச்சர், கீழ போயி வழுக்கிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சென்னையில் மாநிலக் கல்விக் கொள்கையை முதல்வர் வெளியிட்டார். பிற்பகலுக்குள் தலைமையாசிரியரின் கைபேசியில் நாலைந்து சுருக்கங்கள் வந்துவிட்டன. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு இனி இல்லை. இரு மொழி தொடரும். எங்கள் ஐந்து வகுப்புக்கு என்ன என்று முழு அறிக்கையைப் படித்துத்தான் பார்க்க வேண்டும்.

கொரோனாவுக்குப் பிறகு நடந்த ஒன்று மனசில் ஓடியது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்த ஆய்வில், பள்ளி மூடியிருந்த காலத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு 'இல்லம் தேடிக் கல்வி' மாலை வகுப்புகளால் வந்தது. சோளக்காட்டில் அப்போது ஒரு பட்டதாரிப் பெண் தன் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் பதினைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பி எழுந்துவிட முடியும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம். பதினைந்து பிள்ளை, ஒரு ஆள். அந்தக் கணக்கை மட்டும் யாரும் சுருக்கத்தில் அனுப்பவில்லை.

அன்னாசிப் பையன் ஐந்து நாளாக வரவில்லை. ஆயாவுக்கு முட்டிவலி, கடையை அவன்தான் பார்க்கிறானாம். போய்ப் பார்க்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே கட்டங்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

போக வேண்டியிருக்கவில்லை, காலையில் அவனே வந்துவிட்டான். பையை வைத்துவிட்டு நேராக மேசைக்கு வந்தான். முகத்தில் சண்டைக்குக் கிளம்பியவன் களை.

"டீச்சர், நூத்துக்குப் பத்து கமிசன்னா, எழுவதுக்கு எவ்வளவு?"

எதற்கு என்று கேட்டேன். பலாப்பழம் எடுக்கிற ஆளிடம் ஆயா பழங்களை ஒவ்வொன்றாகப் போடுகிறாள். நூற்றுக்குப் பத்து பிடித்துக்கொள்வதாகப் பேச்சு. நூறு ரூபாய் பழத்துக்குப் பத்து பிடிக்கிறார். எழுபது ரூபாய் பழத்துக்கும் பத்து பிடிக்கிறார். நாற்பது ரூபாய் பழத்துக்கும் அதே பத்து. "ஆயாகிட்ட சொன்னா, பேசினபடிதானே புடிக்கறாருங்குது. எனக்கு எங்கியோ இடிக்குது டீச்சர். ஆனா எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

சதவீதம் ஏழாம் வகுப்புப் பாடம். செல்லரித்த ஏணியிலும் இல்லை, என் கையில் இருக்கிற பயிற்சி நூலிலும் இல்லை. இடைவேளைக்கு வா என்றேன். போகவில்லை, நின்றான்.

பழைய மூட்டையிலிருந்து பின்பக்கம் வெள்ளையாக இருந்த அட்டை ஒன்றை எடுத்தேன். மேல் மூலையில் ஒரு பலாப்பழம் வரைந்தேன், அவன் பார்த்து, முள் போதாது என்றான். போட்டேன். கீழே எழுதினேன்:

பழம் ஒன்று ரூ.70. கமிஷன் நூற்றுக்குப் பத்து. ஆயாவுக்கு வந்தது ரூ.60. வந்திருக்க வேண்டியது எவ்வளவு? இப்படி 18 பழம் போட்டால்?

அட்டையை வாங்கிக்கொண்டு 'சக மாணவர்' பாயில் போய் உட்கார்ந்தான். சூளைப் பெண் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து புளியங்கொட்டை டப்பாவைத் திறந்தாள்.